பட்டியலின் கடைசி வரி

அத்தியாயம் 17

கவிதா சொன்ன பொய்க்கு வயது எட்டு மாதம். போன புதன்கிழமை வரை அது சத்தமில்லாமல்தான் வளர்ந்தது. இந்தப் புதன்கிழமை அதற்குப் பல் முளைத்திருந்தது.

நடுவில் ஒன்றிரண்டு வாரம் விட்டுப்போனவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருவோம்.

சென்னையில் ஐந்து வருடம் மென்பொருள் சோதனைப் பொறியாளராக இருந்தவள் கவிதா. அடுத்தவர் செய்து கொடுத்ததில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடிப் பிடிப்பது அவள் வேலை. மாமியார் கண்ணை மூடி, அந்தத் துக்கம் ஆறுமுன்னே மாமனார் கோதண்டராமனுக்கு வாதம் வந்து வலப்பக்கம் விழுந்து பேச்சும் போனது. வேலையை விட்டுவிட்டுச் செஞ்சிக்கு வந்தாள். நாலு வருடமாகிறது.

கணவன் வெற்றிவேலுக்குத் திருவண்ணாமலை ரோட்டில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை. "அவளேதான் வேணாம்னு வந்துட்டா" என்று சொந்தக்காரர்களிடம் சொல்லுவான். அவளும் மறுத்ததில்லை. ஒரே ஒரு தடவை, வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை ஒன்றுக்கு விண்ணப்பம் போட்டாள். அது தெரிந்து மூன்று நாள் வீட்டில் பேச்சு நின்றது. நாலாம் நாள், "இனிமே இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்" என்று அவளே முடித்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் வந்ததுதான் 'துணைக்கரம்'. கணினி படிக்கும் பெண்களுக்கு, அந்தத் துறையில் அனுபவமுள்ள பெண்களை வழிகாட்டியாகச் சேர்த்துவைக்கிற திட்டம். வாரம் ஒரு மணி நேரம் வீடியோவில் பேசினால் போதும். சம்பளம் கிடையாது, அதனால் அது வேலையும் கிடையாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு விண்ணப்பத்தை நிரப்பினாள்.

ஒரு கட்டம் அவளை நிறுத்தியது. 'தற்போது பணிபுரியும் நிறுவனம்.' பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். காலியாக விட்டால் அடுத்த பக்கம் வரவில்லை. அமுக்கினால் நீளமாக ஒரு பட்டியல் விரிந்தது. மூன்றாவது வரியிலேயே அவளுடைய பழைய கம்பெனி. விரல் அங்கேயே நின்றது. தொட்டுவிட்டாள்.

அந்த ஒரு தொடுதலில் கிடைத்தவள் அருள்ஜோதி. வல்லத்துக்குப் பக்கத்துக் கிராமம். திண்டிவனம் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் கடைசி வருடம். கவிதா அக்கா சென்னையில் இருபதாவது மாடியில் உட்கார்ந்து பேசுகிறாள் என்று நம்பிக்கொண்டிருந்தாள் அந்தப் பெண். இரண்டு வீட்டுக்கும் நடுவே பஸ்ஸில் அரை மணி நேரம்கூட ஆகாது.

புதன்கிழமை மாலை ஆறு மணிக்கு வகுப்பு. இடம், மாமனாரின் அறை. வீட்டில் காலண்டரும் சாமி படமும் மாட்டாத வெள்ளைச் சுவர் அங்கேதான் இருந்தது. புடவைக்கு மேலே பழைய ஆபீஸ் கோட்டை மாட்டிக்கொண்டு, மூக்குக் கண்ணாடி போட்டு, பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப்போட்டு உட்காருவாள். எதிரே கட்டிலில் கோதண்டராமன் படுத்தபடி பார்த்துக்கொண்டிருப்பார்.

"அக்கா, ஒரே காத்து சத்தமா இருக்குது" என்று ஒரு நாள் அருள் சொன்னாள். கவிதா எழுந்திருக்குமுன் ஃபேன் நின்றது. அப்பாவுக்காக வெற்றிவேல் கட்டில் தலைமாட்டில் தொங்கவிட்டிருந்த ஸ்விட்சை இடது கையால் கோதண்டராமனே அமுக்கியிருந்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு புதன்கிழமையும் ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் முன்னால் ஃபேன் தானாக நின்றுவிடும். செஞ்சிக்கோட்டையின் ராஜகிரிப் பாறை பகலெல்லாம் வாங்கிய வெயிலை ஊர்மேல் திருப்பிக் கொட்டுகிற நேரம் அது. மனிதர் வேர்த்துக் கொட்டிக்கொண்டு கிடப்பார். இருமல் வந்தால்கூட அடக்கிக்கொள்வார்.

இனி இந்த வாரப் புதன்கிழமை.

* * *

காலை எட்டரைக்கு 'கேஸ் ஏஜென்சி'யிலிருந்து செய்தி வந்தது. அருளின் எண்ணைக் கவிதா அந்தப் பெயரில்தான் போட்டுவைத்திருந்தாள்.

'அக்கா, நம்ம கம்பெனி பயிற்சி வேலைக்கு அப்ளிகேஷன் ரெடி. இன்னைக்கு சாயந்தரம் அஞ்சு மணி கடைசி. ஒருவாட்டி பாத்து சொல்லுங்க.'

நம்ம கம்பெனி. கவிதாவின் பழைய கம்பெனியில், கடைசி வருடப் பெண்களுக்கு மட்டும் ஒரு வருடப் பயிற்சி. தேறினால் வேலை. துணைக்கரம் மூலம்தான் விண்ணப்பிக்க வேண்டும். போன மாதம் வந்த அந்த அறிவிப்பைக் கவிதாதான் அவளுக்கு அனுப்பிவைத்தாள்.

மாமனாருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே, இடது கையால் கைப்பேசியில் அந்த விண்ணப்பக் கோப்பைத் திறந்தாள். முதல் பக்கத்தில் விண்ணப்பமே இல்லை. நன்றியுரை இருந்தது.

கல்லூரியில் திட்ட அறிக்கை எழுதும்போது முதல் பக்கத்தில் நன்றி சொல்வது வழக்கம். முதல்வருக்கு, துறைத்தலைவருக்கு, பெற்றோருக்கு என்று வரிசையாக. வேலைக்கான விண்ணப்பத்தில் அதெல்லாம் தேவையில்லை என்று அருளுக்கு யாரும் சொல்லவில்லை. கவிதாவும்தான் சொல்லவில்லை.

'இதே நிறுவனத்தில் மூத்த சோதனைப் பொறியாளராகப் பணியாற்றும் என் வழிகாட்டி, என் உடன்பிறவா அக்கா திருமதி கவிதா அவர்களுக்கு இந்த விண்ணப்பத்தைக் காணிக்கையாக்குகிறேன்.'

கஞ்சிக் கரண்டி அப்படியே அந்தரத்தில் நின்றது. கோதண்டராமன் வாயைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருந்தார். 

"தோ, மாமா" என்றாள் கவிதா.

* * *

பதினோரு மணிக்கு, நாலு வருடத்தில் முதல்முறையாகப் பிரசாந்தைக் கூப்பிட்டாள். அவளிடம் வேலை கற்றுக்கொண்டவன். இன்னும் அதே கம்பெனியில் இருந்தான்.

"கவிதான்னா எந்தக் கவிதா… அய்யோ, கவிதா மேடமா! எங்க மேடம் போனீங்க? நீங்க குடுத்துட்டுப்போன செக் லிஸ்ட்ட வெச்சுத்தான் இன்னைக்கும் புதுப் பசங்களுக்கு கிளாஸ் எடுக்கறேன். இப்ப நாப்பது பேருக்கு நான்தான் லீடு, தெரியுமா?"

நாற்பது பேர். "சந்தோஷம்பா" என்றாள். நிஜமாகவே சந்தோஷம்தான். அதற்கு அடியில் வேறொன்றும் இருந்தது, அதை இப்போது தொட நேரமில்லை. விஷயத்தைச் சொன்னாள், முழுதாக இல்லை. தெரிந்த பெண்ணின் விண்ணப்பத்தில், வேலையில் இல்லாத ஒருத்தியை வேலையில் இருப்பதாகத் தவறிப்போய் எழுதிவிட்டாள், அதனால் ஏதாவது ஆகுமா?

"எடுக்கச் சொல்லிடுங்க மேடம், உடனே. நம்ம ஆளுன்னு எழுதினா முதல்ல அதைத்தான் செக் பண்ணுவாங்க. பொய்னு தெரிஞ்சா அந்தப் பொண்ணுக்கு இந்த வாட்டி மட்டும் இல்ல, மூணு வருஷத்துக்கு வாசல் கிடையாது. போன வருஷம் ரெண்டு பசங்க அப்படித்தான் போனாங்க."

"சரிப்பா."

"மேடம், ஒரு நிமிஷம். நடுவுல வேலைய விட்ட லேடீஸுக்குன்னு ஒரு பேட்ச் எடுக்கறாங்க. வீட்லேருந்தே செய்யலாம். நீங்க வாங்களேன். ரெஸ்யூமே அனுப்புங்க."

"என்கிட்ட ரெஸ்யூமேவே இல்ல பிரசாந்த்."

"என்கிட்ட இருக்குது மேடம்! நான் சேர்ந்த புதுசுல மாதிரிக்குன்னு உங்களோடது அனுப்பினீங்களே."

"அதெல்லாம் வேணாம்பா. வெச்சிடட்டுமா?"

வைத்துவிட்டாள். அடுத்து அருளைக் கூப்பிட்டாள். பின்னால் பேச்சும் சிரிப்பும் கேட்டன. நிலத்தில் மல்லாட்டை, அதுதான் நிலக்கடலை, பிடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

"அருளு, முதல் பக்கத்த எடுத்துடு."

"ஏங்க்கா, தப்பு எதுனா இருக்குதா?"

"தப்பு இல்ல… என்னப் பத்தி எழுதறது வேணாம்."

அருள் சிரித்தாள். "கூச்சப்படாதீங்கக்கா. உங்க பேரு இல்லாம நான் போட மாட்டேன். நேத்து நைனா படிக்கச் சொல்லிக் கேட்டாரு. 'அந்தப் பொண்ணு பேர இன்னும் கொஞ்சம் பெருசாப் போடு பாப்பா'ன்னாரு." நைனா என்றால் அவள் அப்பா.

"அது இல்ல அருளு. நான் இப்ப வந்து…"

"அக்கா, நைனா கூப்புடுறாரு. கிளம்பி நாலு மணிக்கா செஞ்சிக்கு வந்துடுவேன். வல்லத்துல நெட்டு சுத்தினே இருக்குது. பஸ் ஸ்டாண்டுகிட்ட பிரவுசிங் சென்டர்ல ஏத்திட்டு உங்களுக்கு போன் பண்றேன். வெச்சிடறேன்க்கா!"

கவிதா கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரே வரி. 'நான் வேலையில் இல்லை.' எழுதி அனுப்பினால் தீர்ந்தது. எழுதினாள். அழித்தாள். மாமா சாப்பிடட்டும், அப்புறம் அனுப்பலாம். சாப்பாடு ஆனது. பாத்திரம் தேய்த்துவிட்டு அனுப்பலாம். மறுபடி எழுதினாள். இந்த முறை, 'உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும்' என்கிற அளவுக்கு வந்தது. வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. அருளோடு பேசிய செய்திகளையே மொத்தமாக அழித்தாள்.

* * *

"சோறு போடு, கவி. பத்து நிமிசம்தான். ஆளுங்க உக்காந்துனு இருக்காங்க" என்று வந்தான் வெற்றிவேல்.

முந்தாநாள் அவன் கைப்பேசி வார்னிஷ் டப்பாவுக்குள் விழுந்து செத்துப்போயிருந்தது.

"இன்னைக்கு நாலு பேரு கூப்ட்டுப் பாத்துட்டு நேர்லயே வந்துட்டானுங்க. மோட்டாரு எரிஞ்சா வெவசாயி காத்துனு இருப்பானா? உன் போன குடு, உன் சிம்மோட என் சிம்மையும் அதுல போட்டுக்கிறேன். சாயந்தரம் எடுத்துனு வந்துடறேன்."

"இன்னைக்கு வேணாங்களே."

"ஏன்?"

சோற்றுத் தட்டை அவன் முன்னால் வைத்தாள். 

"கேஸ்காரன் போன் பண்ணுவான்" என்றாள்.

"பண்ணட்டும், நான் பேசிக்கிறேன்" என்று சொல்லி அவன் சிம் சொருகும் ஊசியைத் தேடினான்.

மூன்றரை வரைக்கும் கவிதா வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தாள். எதிர்வீட்டில் போன் கேட்கலாம். ஆனால் அருளின் எண் மனப்பாடம் இல்லை. எட்டு மாதத்தில் அந்த எண்ணை அவள் பார்த்ததே இல்லை, 'கேஸ் ஏஜென்சி'யைத்தான் பார்த்திருந்தாள்.

கட்டிலிலிருந்து "ம்… ம்" என்று சத்தம் வந்தது. கோதண்டராமனுக்கு மிச்சமிருந்த ஒரே பேச்சு. போய் நின்றாள். அவர் இடது கையைத் தூக்கி வாசல் பக்கம் காட்டினார்.

"போவட்டுமா மாமா?"

"ம்."

எதிர்வீட்டு அன்புக்கரசியைத் துணைக்கு உட்காரவைத்துவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

* * *

அமாவாசை. பஸ் ஸ்டாண்டு முழுக்க மேல்மலையனூர்க் கூட்டம். மஞ்சள் புடவைகளும், கையில் எலுமிச்சம்பழ மாலையும், ஸ்பெஷல் பஸ்ஸுக்கு இடம்பிடிக்க ஜன்னல் வழியே வீசிய துண்டுகளும். இடித்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தபோது நாலே கால்.

வீரமணியின் பிரவுசிங் சென்டரில் மூன்று கம்ப்யூட்டர். கோடியில் இருந்ததில் ஒரு பெண் குனிந்து உட்கார்ந்திருந்தாள். கவிதா அவளை வீடியோவில் தோளுக்கு மேலேதான் பார்த்திருக்கிறாள். நினைத்ததைவிடக் குள்ளமாக இருந்தாள். நகக்கண்ணில் செம்மண். வேர்த்து நனைந்த கழுத்தில் சின்னதாக ஒரு சிலுவை.

பக்கத்தில் போய் நின்றாள். அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "எனக்கு இன்னும் பத்து நிமிசம் ஆவும்மா. அந்தச் சேர்ல ஒக்காருங்க" என்றாள்.

கோட்டு இல்லை. கண்ணாடி இல்லை. பால் வாங்கப் போகிற புடவை. அடையாளம் எப்படித் தெரியும்?

"அருளு" என்றாள் கவிதா.

குரல் காதில் விழுந்ததும் அந்த முகம் மாறியதைக் கவிதா சாகும்வரை மறக்கமாட்டாள். விளக்குப் போட்டதுபோல என்று சொல்வார்களே, அப்படி.

"அக்கா! எப்பக்கா வந்தீங்க மெட்ராஸ்லேருந்து? மலையனூருக்கா? சொல்லவே இல்ல பாத்தீங்களா! நைனா தெரிஞ்சா அடிச்சிக்கினு ஓடியாருவாரு. வூட்டுக்கு வந்துட்டுத்தான் போவணும், ஆமா…"

"அருளு, நான் மெட்ராஸ்ல இல்ல."

"பெங்களூர் மாத்திட்டாங்களா?"

"இந்த ஊர்லதான் இருக்கேன். காந்தி பஜாருக்குப் பின்னால தெரு. நாலு வருசமா."

அருள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் முகத்திலேயே மறந்து வைத்துவிட்டதுபோல.

"நான் வேலைக்கும் போவல. முன்ன அங்க இருந்தேன், அது நெசம். இப்ப வூட்லதான். அந்த முதல் பக்கம் அப்டியே போனா உன்ன பொய் சொன்னவள்னு தள்ளிடுவாங்க. மூணு வருசத்துக்கு மறுபடி போடக்கூட முடியாது. அத எடுத்துடுமா. அதச் சொல்லத்தான் ஓடியாந்தேன்."

வெளியே கண்டக்டர், "மலையனூரு, மலையனூரு, ஏறு ஏறு" என்று கத்தினான்.

"மீட்டிங்கு இருக்குது, அஞ்சு நிமிசம் லேட்டாவும்னு சொல்வீங்களே. அது?"

"மாமாவுக்குத் துணி மாத்திட்டு வருவேன்."

"ஆபீஸ்ல யாரோ இருமுறாங்கன்னீங்க."

"அவருதான்."

அருள் தலையை ஆட்டினாள். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டாள். "கேம்பஸ்ல ஒரு வேலை வந்துச்சு. சின்ன வேலைதான். ஆனா வேலை. அதை வேணாம்னுட்டேன். 'அவசரப்படாத, எங்க கம்பெனில எடுப்பாங்க, நான் இருக்கேன்'னு சொன்னது யாரு?"

"நான்தான்."

"எங்க நைனா ஒரு வார்த்தை கேக்கல தெரியுமா? 'அந்த அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்'னாரு. ஊர்ல பாக்கறவங்க கிட்டல்லாம் சொல்லி வெச்சிருக்காரு. ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சி வெளிய வந்தா உங்க பேச்சுத்தான்."

கவிதா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அருள் மூக்கை உறிஞ்சினாள்.

"யம்மா, ரெண்டு பேரும் அழுவறதா இருந்தா வெளிய போய் அழுங்க. போன வாரம்தான் கீபோர்டு மாத்தினேன்" என்றான் வீரமணி கல்லாவிலிருந்து. 

கடிகாரம் நாலு முப்பத்தைந்து.

"திட்டறதெல்லாம் அப்பறம் திட்டு. அடி கூட. இப்ப அந்தப் பக்கத்த எடு" என்றாள் கவிதா.

அருள் திரும்பி உட்கார்ந்தாள். நன்றியுரையை அழித்தாள். 'உடன்பிறவா அக்கா' என்ற சொற்கள் வலமிருந்து இடமாக ஒவ்வோர் எழுத்தாகப் போயின. விண்ணப்பக் கோப்பை ஏற்றினாள். அடுத்த பக்கத்தில் கல்லூரி, மதிப்பெண், முகவரி. அதற்கு அடுத்த பக்கம்.

'வழிகாட்டி தற்போது பணிபுரியும் நிறுவனம்.' பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம்.

"காலியா வுட்டா நகர மாட்டுது" என்றாள் அருள்.

"எனக்கும் அப்டித்தான் நின்னுது. வேற வழி இல்லாமத்தான் நான் அந்தப் பேரப் போட்டு…"

அருள் காதில் வாங்கவில்லை. பட்டியலை விரித்துக் கீழே இழுக்க ஆரம்பித்திருந்தாள். பழைய கம்பெனியின் பெயர் வந்து மேலே போனது. அவள் நிறுத்தவில்லை. இருபது, நாற்பது, அறுபது பெயர்கள். பொறுமையாக, நிதானமாக, அடிவரைக்கும் இழுத்தாள்.

பட்டியலின் கடைசி வரி: 'தற்சமயம் பணியில் இல்லை.'

"இதோ இருக்குது" என்றாள்.

கவிதா திரையையே பார்த்தாள்.

"இது… என் ஃபார்ம்ல இல்ல."

"எல்லாருக்கும் ஒரே லிஸ்ட்டுதான். நான் சேரும்போதும் இதேதான் இருந்துச்சு." அருள் அந்த வரியைத் தேர்ந்தெடுத்தாள். "பட்டியல்னு ஒண்ணு இருந்தா கடைசி வரைக்கும் இழுத்துப் பாக்கணும், தப்பு அடியிலதான் உக்காந்துனு இருக்கும்னு முதல் கிளாஸ்ல நீங்க சொன்னதுதான் மேடம்."

மேடம்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். ஊரார் எழுதிய பட்டியல்களில் எல்லாம் ஐந்து வருடம் அடிவரை இறங்கி ஓட்டை கண்டுபிடித்தவள், தன்னுடையதில் மூன்றாவது வரிக்குக் கீழே போகவில்லை. போயிருந்தால் எட்டு மாதமும் தலைநிமிர்ந்து உட்கார்ந்திருக்கலாம். அந்தக் கடைசி வரியைத் தொட்டுவிட்டு, இதே பெண்ணுக்கு, இதே பாடங்களைச் சொல்லிக்கொடுத்திருக்கலாம்.

"ஓ.டி.பி. கேக்குது. உங்க நம்பருக்குப் போயிருக்கும். பத்து நிமிசம்தான் டைம்."

"போன் அவருகிட்ட இருக்குது. கடைல."

அருள் தன் கைப்பேசியிலிருந்து அழைத்து, முகத்தைப் பார்க்காமல் நீட்டினாள்.

* * *

"யாரு, கேஸா? சிலிண்டர் இன்னைக்காவது வருமா வராதா? எத்தினி நாளு சொல்வீங்க?" அந்தப் பக்கம் வெற்றிவேல் கத்தினான். பின்னால் மோட்டார் ஓடும் சத்தம்.

"நான்தாங்க."

"கவியா? கேஸ் ஆபீஸ்ல நீ இன்னா பண்ற?"

"ஏங்க, இப்ப ஒரு மெசேஜ் வந்திருக்கும். ஆறு நம்பரு. அத மட்டும் படிச்சு சொல்லுங்க. அவசரம். மத்தது நேர்ல சொல்றேன்."

மோட்டார் நின்றது. அவன் படிப்பது கேட்டது. எழுத்துக்கூட்டிப் படிக்கிறவன் இல்லை, ஆனால் இன்று மெதுவாகப் படித்தான்.

"'மாணவி அருள்ஜோதியின் வழிகாட்டி கவிதா. எட்டு மாதப் பயிற்சி. தற்சமயம் பணியில் இல்லை. சரியென்றால் இந்த எண்ணைப் பகிரவும்.'"

கவிதா கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு நாற்பத்தெட்டு.

"ஏங்க…"

"நாலு. ஏழு. ஏழு. ஒண்ணு. பூஜ்யம். மூணு."

அவள் ஒவ்வொன்றாகச் சொல்ல, அருள் அடித்தாள். திரை பச்சையானது. விண்ணப்பம் ஏற்கப்பட்டது.

"எட்டு மாசமா எங்க ஒக்காந்து பேசின?" என்றான் வெற்றிவேல்.

"மாமா ரூம்ல."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவனுக்கு அதுதான் சுட்டது போலிருந்தது. "எனக்குத்தான் தெரியல" என்றான். பிறகு, "பிரசாந்த்துனு ஒருத்தரு மூணு மணிக்கு மெசேஜ் போட்டிருக்காரு. 'மேடம், உங்க பழைய ரெஸ்யூமேவ நானே குடுத்துட்டேன், வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குப் பேசுவாங்க'ன்னு. இது யாருக்குக் கவி? அந்தப் பொண்ணுக்கா, உனக்கா?"

கவிதா வாயைத் திறந்தாள். அவன் வைத்துவிட்டான்.

* * *

வீரமணி அச்செடுத்துக் கொடுத்த தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள் அருள். வல்லம் வழியாகப் போகும் திண்டிவனம் பஸ் வந்து நின்றது. இருவரும் வெளியே வந்தார்கள்.

"எடுப்பாங்க உன்ன. நீ நல்லா செய்வ. அதுல நான் பொய் சொல்லல" என்றாள் கவிதா.

"சரிங்க மேடம்."

"நைனாகிட்ட…"

"இன்னா சொல்றதுன்னு நானே பாத்துக்கறேன்." அருள் படியில் ஏறி, ஒரு நொடி நின்றாள். "நீங்க நெசத்த சொல்லியிருந்தாலும் நான் உங்ககிட்டதான் படிச்சிருப்பேன். அதுதான் எனக்கு…" முடிக்கவில்லை. கூட்டம் அவளை உள்ளே தள்ளியது.

ஜன்னலோரம் இடம் கிடைத்திருக்க வேண்டும். அருளின் பின்னந்தலை தெரிந்தது. பஸ் கூட்டுரோட்டுப் பக்கம் திரும்பும்வரை கவிதா நின்று பார்த்தாள். எட்டு மாதமாக வாரத்துக்கு நூறு தடவை கேட்ட ஒரு சொல், ஜன்னல் வழியாக ஒரே ஒரு தடவை வருமா என்று. வரவில்லை.

வீட்டுக்கு நடந்தாள். காந்தி பஜாரில் யாரோ என்னவோ கேட்டார்கள், அவள் என்னவோ சொன்னாள். வாசலில் அன்புக்கரசி, "உங்க மாமா இன்னாக்கா இப்டி அடம் புடிக்கிறாரு? ஃபேனே வேணாங்கிறாரு. நான் போடப் போட நிறுத்துறாரு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

உள்ளே மணி ஆறாக ஐந்து நிமிடம்.

அறை அனலாக இருந்தது. தலையணை நனைந்திருந்தது. கட்டிலுக்கு எட்டும் தூரத்தில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியைக் கோதண்டராமன் இடது கையாலேயே தள்ளியிருந்தார். சுவர் வரைக்கும் போகவில்லை, பாதியில் நின்றிருந்தது. அவள் கையில் கைப்பேசி இல்லாததைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார்.

"ம்?" என்றார்.

"கிளாஸ் இல்ல மாமா."

அவர் நாற்காலியைக் காட்டினார். மறுபடி, "ம்?"

"இனிமே இல்ல மாமா" என்றாள்.

அவர் கை மெல்ல இறங்கியது. அடக்கிவைத்திருந்த இருமலெல்லாம் ஒன்றாக வந்தது. முதுகைத் தடவிக் கொடுத்தாள். தலைமாட்டு ஸ்விட்சை எடுத்து ஃபேனைப் போட்டாள்.

வாசலில் வெற்றிவேலின் வண்டி வந்து நின்றது. கடை அடைக்க இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.